ஈச்சமலை என்று தட்டினால்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன வாரம் குருவிட்டையில் என் வீட்டில் உட்கார்ந்து ஒரு இணையதளத்தின் பெயரைத் தட்டினேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்றது கம்ப்யூட்டர். இருக்கிறதே, நேற்றுக்கூடப் பார்த்தேனே! பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணை எடுத்துத் தர எங்கேயோ ஒரு டிஎன்எஸ் சேர்வர் இருக்கிறதாம். அதற்கு என்மேல் என்ன பகையோ. திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். திட்டு எங்கேயோ போய்விட்டது, டெனிஸ்டன் வந்துவிட்டான்.

2.

[முதல் தொடக்கம்: ரப்பர் மரங்களுக்கு நடுவே மழை சோவென்று— அடித்துவிட்டேன். ருவான்வெல்லையில் மழை பெய்வது ஒரு செய்தியா?]

[இரண்டாவது: மாவனல்லைக் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் டெனிஸ்டன் ஆறடி உயரம், அழகான— பொய். சுமாரான உயரம். காது கொஞ்சம் பெரிசு.]

ருவான்வெல்லைப் பக்கம் எல்ஸ்மோர் என்றொரு ரப்பர் தோட்டம் (என் கற்பனை, தேடிப் போகாதீர்கள்). மாதா கோயிலுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் சுகந்தி டீச்சர் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறாள். மழை வந்தால் இன்டர்நெட் போய்விடும். அதனால் பாடங்களை அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் வைத்தாயிற்று. ஆனால் திறக்க நீளமான எண் தட்டவேண்டும், பிள்ளைகள் தப்பாய்த் தட்டுவார்கள். எண்ணுக்குப் பதில் பெயர் போதும் என்றாக்க, ஒரு பழைய மெஷினை டிஎன்எஸ் சேர்வராக்க வந்தான் டெனிஸ்டன். அவனும் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். மூன்று ஞாயிறாக வருகிறான். ஒரு ஞாயிறு போதும் அந்த வேலைக்கு.

3.

போன நத்தார் பண்டிகைக்கு முந்தி, டெனிஸ்டன் சுகந்தியை அவள் அக்கா எஸ்தர் மூலம் பெண் கேட்டான். இல்லை என்று பதில் வந்தது. அப்போது அவள் அம்மா அந்தோனியம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். யார் கேட்டிருந்தாலும் அதே பதில்தான். இப்போது அம்மா தேறி, ரப்பர் பால் வெட்டவே போகிறாள். பையன் மட்டும் திரும்பக் கேட்கவில்லை. இன்று வேலை முடிந்துவிடும், அப்புறம் இங்கே வர அவனுக்கு ஒரு சாக்கும் இல்லை.

(இவ்வளவு பயந்தவனாக எழுதலாமா என்று எனக்கே சந்தேகம். தைரியசாலியாக்கிப் பார்த்தேன், கதை இரண்டாம் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது.)

4.

சேர்வரின் கோப்பில் பெயரையும் எண்ணையும் எழுதினான், பெயரின் முடிவில் வைக்கவேண்டிய புள்ளியைக்கூட மறக்கவில்லை. எழுதிய பெயர் எல்ஸ்மோர். சுகந்தி தன் மெஷினில் ஈச்சமலை என்று தட்டினாள். அப்படி ஒரு பெயர் இல்லை என்றது.

பின்னே? எல்ஸ்மோர் என்பது போர்டில் இருக்கிற பெயர். தோட்டத்தில் ஒருத்தர் வாயிலும் வராது, எல்லாருக்கும் ஈச்சமலைதான். ஆனால் எழுது என்று சொன்னால் எங்கள் ஆட்களின் கை தானாகக் கம்பனிப் பெயருக்குப் போய்விடும். டெனிஸ்டன் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஈச்சமலை என்று கேட்டாலும் எல்ஸ்மோரையே காட்டு என்று ஒரு வரி சேர்த்தான். அவள் மறுபடி தட்டினாள். இன்னும் இல்லை.

"உங்க மெஷின் ஒருக்கா இல்லைன்னு கேட்டுருச்சுங்க டீச்சர். கொஞ்ச நேரத்துக்கு அதையே ஞாபகம் வச்சிக்கும். திரும்ப விசாரிக்காது."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"அப்ப இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

5.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்த ஞாபகத்தை ஒரே கட்டளையில் துடைத்துவிடலாம். பிள்ளைகளுக்கு அதைப் படிப்பித்தவளே சுகந்திதான். டெனிஸ்டனுக்கோ அது கடையில் தினமும் செய்கிற வேலை. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கள்ளர்கள்! எழுதும்போதே சிரித்துவிட்டேன், அவ்வளவு பிரியம் எனக்கு இவர்கள்மேல்.

[முடிவு ஒன்று: பாடம் திறந்தது. அவன் குடையை எடுத்துக்கொண்டு— வேண்டாம், மனசு கேட்கவில்லை.]

[முடிவு இரண்டு: எஸ்தர் கேக்கோடு உள்ளே— எஸ்தரை வெளியே அனுப்பிவிட்டேன்.]

தேத்தண்ணி முடிந்தது. சுகந்தி ஈச்சமலை என்று தட்டினாள். கடைசி பட்டனை மட்டும் அமுக்கவில்லை.

"இல்லைன்னு சொன்னதையே நெனச்சிக்கிட்டு இருந்தா எப்படிங்க? திரும்பக் கேட்டாத்தானே தெரியும்."

கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சொன்னாள். டெனிஸ்டன் கோப்பையைக் கீழே வைத்தான். நானும் பேனாவை வைக்கிறேன், அடுத்த வரி அவனுடையது. இன்னும் தயங்கினான் என்றால், அந்தப் பெரிய காதில் நீங்களாவது போய்ச் சொல்லுங்கள்.