பிறிஜெற் வெட்டிய அட்டை

கியர்பெட்டியின் வாயைச் சுற்றிக் கறுத்த எஞ்சின் ஒயிலைப் பூசிவிட்டு, "இப்ப அமத்து" என்றான் வலன்ரைன். அவன் மனைவி பிறிஜெற் பிஸ்கட் பெட்டி அட்டையை வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். எடுத்துப் பார்த்தபோது வட்டமும் போல்ட் துளைகளும் அச்சாக விழுந்திருந்தன.

கொழும்பு கொட்டாஞ்சேனையின் குறுகிய ஒழுங்கை ஒன்றில், அவர்கள் வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டில் அது. உள்ளே நின்றது நாற்பது வருடத்துப் பழைய ஜெர்மன் வேன். கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்து, வெள்ளைக்காரர் படுத்தெழும்பி ஊர் சுற்றுகிற வேன். பின்னால் இருந்த எஞ்சின் செத்துவிட்டது. அந்த இடத்தில் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில் வாங்கிய ஜப்பான் எஞ்சின் ஏற வேண்டும். பழைய கியர்பெட்டிக்கும் புது எஞ்சினுக்கும் ஏழாம் பொருத்தம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நடுவில் ஒரு இரும்புத் தகடு வேண்டும். தகடு வெட்ட முதலில் அட்டை வேண்டும்.

அட்டை பிறிஜெற்றின் வேலை. மூடிப்போன காமென்ற் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் சட்டைகளுக்கு அளவு அட்டை வெட்டியவள் அவள். கை சும்மா இருக்குமா?

வேன்காரர் சிவானந்தன் வெள்ளவத்தையில் சுற்றுலாக் கம்பனி வைத்திருந்தார். "இது கண்டி ஏத்தம் ஏறிச்சுதெண்டால் மற்ற அஞ்சு வேனும் உமக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அஞ்சு வேன் என்றால் ஒரு வருட வேலை. வலன்ரைன் மறுபடி கத்தாருக்குப் போகத் தேவையில்லை.

தகடு வெட்டி வந்த அன்று வலன்ரைன் அதை எஞ்சினில் பூட்டி, எஞ்சின் அச்சில் ஒரு கம்பித் துண்டைக் கட்டிக் கையால் சுற்றினான். கம்பி நுனி தகட்டின் வட்டம் முழுக்க ஒரே மாதிரி உரச வேண்டும். ஒரு பக்கம் விலகினாலும் ஓட்டத்தில் எல்லாம் நொறுங்கிப்போகும். பிறிஜெற் டோர்ச்சையும் பிடித்தாள், மூச்சையும் பிடித்தாள். நுனி மெல்லக் கீறிக்கொண்டு முழுவட்டம் வந்தது. எங்கும் விலகவில்லை.

"உன்ட கைக்கு ஒரு கும்பிடு" என்றான் அவன்.

வேனின் மூக்கில் ரேடியேட்டரை வைத்து, வயிற்றின் கீழ் நீளத்துக்கும் தண்ணீர்க் குழாய் இழுத்து, வியாழக்கிழமை திறப்பைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டான். உறுமல் இல்லை, குலுக்கல் இல்லை. தொட்டியில் வைத்த தேத்தண்ணிக் கோப்பைகூட அலுங்கவில்லை. பிறிஜெற் சிலுவைக் குறி போட்டாள். எங்கேயோ இரண்டு தேசத்தில் வார்த்த இரும்பு, அவளுடைய கத்தரிக்கோல் போன வழியில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது! அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் வலன்ரைனும் சிவானந்தனும் வேனைக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் கம்பனி எஞ்சினியர் வந்தான். மரியாதையான பெடியன்.

"அன்ரி, சிவானந்தன் சேர்தான் அனுப்பினவர். அந்தத் தகட்டின்ட அட்டையை ஒருக்காப் பாக்கலாமா?"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "கம்பியூட்டர்ல வெட்டின மாதிரி இருக்கே அன்ரி!"

காமென்றில் அட்டை சரி என்று மேலே இருப்பவர் சொன்னால் கையில் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை. பிறிஜெற் அட்டையைத் துடைத்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.

"மடிச்சுப்போடாம கொண்டுபோங்க தம்பி."

பின்னேரம் வலன்ரைன் வெற்றியோடு வந்தான். "கடுகண்ணாவ ஏத்தம், மூண்டாம் கியர்லயே ஏறிச்சுது!" அவளும் சந்தோஷத்தோடு அட்டைக் கதையைச் சொன்னாள். அவன் ஏசவில்லை. தேத்தண்ணியைக் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"கராஜ்காரன் ஆராவது அட்டையைக் குடுப்பானா, பிறிஜெற்?"

இரண்டு கிழமை கழித்துச் சிவானந்தன் போன் எடுத்தார். மற்ற வேன்களைத் தங்கள் ஆட்களே செய்வினமாம். வலன்ரைன் கத்தார் ஏஜென்சிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தான்.

விசா வந்த கிழமை, நீல நிற வேன் ஒன்று ஆவி கக்கிக்கொண்டு ஒழுங்கை வாசலில் நின்றது. சிவானந்தனின் டிரைவர் இறங்கி வந்தான்.

"அண்ணே, துறைமுகத்தடியிலயே கொதிச்சிட்டு. எங்கட ஆக்களுக்குப் பிடிபடுதில்ல."

வலன்ரைன் திரும்பி உள்ளே போய்விடுவான் என்று பிறிஜெற் நினைத்தாள். போய்விட வேண்டும் என்றும் நினைத்தாள். அவனோ ஜாக்கை எடுத்துக்கொண்டு வந்தான்.

"குழாயில காத்து அடைச்சிருக்கு. முன்பக்கத்தத் தூக்கினாத்தான் வெளியேறும்."

சூடு ஆறும்வரை வேனின் அடியில் படுத்துத் தகட்டைப் பார்த்தான். "பிறிஜெற், இஞ்ச வா! உன்ட வெட்டு. மயிரிழை பிசகில்ல!" குரலில் அதிசயம்தான் இருந்தது. அவளால் கிட்டப் போக முடியவில்லை.

பிறகு முன்பக்கத்தை உயர்த்தி, ரேடியேட்டர் மேலிருந்த சின்னத் திருகைத் தளர்த்தினான். காற்று சீறியது. டிரைவர் போனை எடுத்து, வீடியோவைப் போட்டு நீட்டிப் பிடித்தான்.

"மற்ற நாலுக்கும் வேணும் அண்ணே, இன்னொருக்காத் திறந்து காட்டுங்க. கையக் கொஞ்சம் விலத்துங்க, மறைக்குது."

வலன்ரைன் கையை விலக்கினான்.