ஈர மண்ணின் கனம்

விளக்கமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சி அந்த விரிசலுக்குள் கொஞ்ச தூரம் இறங்கியது. அம்சம் அதை மெல்ல வெளியே எடுத்து, நகத்தால் அளவு பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரல்கடை ஆழம். பால்கனித் தரையும் வீட்டுச் சுவரும் சேருகிற இடத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கறுப்பு நூலை இழுத்துக் கட்டியதுபோல விரிசல் ஓடியிருந்தது. கத்தரிச்செடி இருந்த பெயிண்ட் வாளியை நகர்த்திப் பெருக்காமல் விட்டிருந்தால் கண்ணில் பட்டிருக்காது. சந்தேகத்துக்கு ஒரு குவளை தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலேயே உள்ளே இறங்கி மறைந்தது.

ஐப்பசி பிறந்து நான்கு நாள். திருவாரூரில் இன்னும் ஒரு நல்ல மழை பெய்யவில்லை. உள்ளே கட்டிலில் நெடுஞ்செழியன் விழித்துவிட்டதற்கு அடையாளமாக இடது கையால் சுவரைத் தட்டினார். அம்சம் வாளியை இழுத்து விரிசலின் மேலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நெடுஞ்செழியன் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். வாய்க்கால் தலைப்புகளில் ஷட்டரைத் திறப்பதும் மூடுவதும்தான் முப்பது வருஷ வேலை. போன வருஷம் ஆடியில் ஷட்டர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. வைத்தியத்துக்குப் பக்கம் என்று குடவாசலை அடுத்த ஊரை விட்டு இந்த இரண்டாம் மாடி வாடகை வீட்டுக்கு வந்தார்கள். கால் ஆறு மாதத்தில் ஓரளவு திரும்பியது. கை திரும்பவில்லை. பயிற்சி கொடுக்க வந்த ஆஷிகா என்ற பெண் அழுத்திப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். அதை அவர் இடது கையால் தூக்கி எறிந்தார். ஒவ்வொரு முறையும் எறிந்தார்.

அம்சம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். ஒருநாள் கொத்தமல்லி போடலாமென்று அங்கிருந்து உடைந்த வாளி ஒன்றில் மண் அள்ளி வந்தாள். பால்கனியில் உட்கார்ந்திருந்த அவர், செத்துக் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி அந்த மண்ணுக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்சம் பார்த்தபோது மண் அசைந்தது. உள்ளே அந்த ஐந்து விரல்களும் மூடித் திறந்தன.

"பந்து வேணாம்மா. இதையே பண்ணச் சொல்லுங்க, மண்ணு பிசையட்டும்" என்றாள் ஆஷிகா.

ஒரு வாளி ஐந்தானது, ஐந்து பதினைந்தானது. பெயிண்ட் வாளி, எண்ணெய் டின், மீன்கடைத் தெர்மாகோல் பெட்டி, பாதியாக வெட்டிய தண்ணீர் கேன். தேங்காய் நார்த்தூள் கலந்தால் லேசாக இருக்கும் என்று யாரோ சொன்னதை அவர் தலையாட்டி மறுத்துவிட்டார். அவருக்கு வாய்க்கால் வண்டல்தான் வேண்டும். பழைய கூட்டாளி தங்கமணி மொபெட்டில் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து போட்டார். புரட்டாசியில் பனிக்காலத்துக்கான விதைகளையெல்லாம் போட்டு முடித்தபோது முப்பத்தொரு தொட்டி ஆகியிருந்தது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, அவரை, தக்காளி, கத்தரி. முட்டைக்கோஸ் நாற்று முதல் இலை விட்ட அன்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. "வருது." பதினான்கு மாதம் கழித்து வந்த முதல் சொல். அம்சம் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வீட்டின் சொந்தக்காரர் மீரா உசேன் அடியக்கமங்கலத்தில் இருந்தார். மாதம் ஒருமுறை வருவார், அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். பத்துத் தொட்டி இருந்தபோதே, "இதுக்கு மேல வேணாம்மா, பழைய கட்டடம்" என்று சொல்லியிருந்தார். விரிசலைச் சொன்னால் அத்தனையையும் அன்றே இறக்கச் சொல்வார். அதில் தப்பும் இல்லை. இறக்கி எங்கே வைப்பது? மொட்டை மாடிப் படியில் நெடுஞ்செழியனால் ஏற முடியாது. அந்தக் கை மறுபடி மடியில் கிடப்பதை அம்சம் மனதுக்குள் பார்த்தாள். ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நேர் கீழே முதல் மாடியில் பாத்திமா இருந்தாள். அம்சத்தைவிட நாலைந்து வயது மூத்தவள். மேலிருந்து கயிற்றில் கூடை கட்டி இறக்கினால் எடுத்துக்கொள்வாள். கீரை போகும், கத்தரிக்காய் போகும். வெள்ளிக்கிழமைகளில் அதே கூடையில் ஏதாவது பலகாரம் ஏறி வரும். அவளுடைய மகள் அஃப்ரீன் தலைப்பிரசவத்துக்கு வந்து, ஆண்குழந்தை பிறந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. குழந்தைக்கு மஞ்சள் நிறம் இருக்கிறது, காலை வெயில் காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பாத்திமா பால்கனியில் தொட்டில் கட்டியிருந்தாள்.

அந்த வாரமே அவள் கீழேயிருந்து கூப்பிட்டாள். "அம்சம், மேலேர்ந்து என்னமோ உதுருது பாரேன். புள்ள துணியெல்லாம் சுண்ணாம்பா இருக்கு."

அம்சம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்க்கப் போனவள், சாயாமல் நின்றாள். "பெருக்கினேங்க்கா. மண்ணு விழுந்திருக்கும்."

"மண்ணா? வெள்ளையா இருக்கே."

"முட்டை ஓடு தூளு. உரத்துக்குப் போட்டேன்."

பாத்திமா சிரித்தாள். "உன் வூட்டுக்காரரு புள்ளைக்கும் சேத்து உரம் போடுறாரா? சரி சரி, பாத்துப் பெருக்கு."

அன்று சோறு வடிக்கும்போது அம்சத்தின் புறங்கையில் கஞ்சி கொட்டியது. எவ்வளவு சுலபமாக அந்தப் பொய் வாயில் வந்து நின்றது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. மறுநாளிலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது என்று காது கொடுத்தாள். உள்ளறையிலிருந்து கேட்டால் மூச்சு வந்தது.

நெடுஞ்செழியன் மதியம் தூங்கும் நேரத்தில் ஒவ்வொரு தொட்டியாகக் குறைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. முதல் நாள் ஒரு எண்ணெய் டின்னை இடுப்பில் வைத்துப் படியிறங்கிப் பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் கொண்டுபோய் வைத்தாள். இரண்டாம் நாள் ஒரு தெர்மாகோல் பெட்டி. மூன்றாம் நாள் அவர் விழித்ததும் பால்கனிக்குப் போய், இடது கையின் ஆள்காட்டி விரலை ஒவ்வொரு தொட்டியாக நீட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் விரல் அந்தரத்தில் நின்றது. திரும்பி அவளைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. ஷட்டர் இறங்கிய மாதிரி முகம் மூடிக்கொண்டது. அன்று ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. ஆஷிகா வந்து வலது கையைத் தூக்கிவிட்டபோது அது பொத்தென்று மடியில் விழுந்தது.

"என்னம்மா ஆச்சு? போன வாரம் டம்ளரே புடிச்சாரே."

அன்று மாலையே அம்சம் இரண்டு தொட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தாள். அவற்றை வைப்பதற்காக அந்தக் கத்தரிச்செடி வாளியைக் கொஞ்சம் தள்ளினாள். பேரப்பிள்ளைகள் இல்லாத வீட்டில் எப்படியோ கிடந்த ஒரு பென்சில் கையில் அகப்பட்டது. விரிசலுக்குள் விட்டுப் பார்த்தாள். பென்சில் இறங்கியது. அதற்குப் பிறகு அந்த வாளியை அவள் நகர்த்தவே இல்லை.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. டிவியில் காற்றழுத்தத் தாழ்வு, நாகைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். முதல் நாள் மழையை வண்டல் குடித்தது. இரண்டாம் நாளும் குடித்தது. கைவைத்தால் களி மாதிரி ஒட்டியது. அம்சம் ஒரு சின்ன டின்னைத் தூக்கிப் பார்த்தாள். போன வாரம் ஒரு கையில் வந்தது, இப்போது இரண்டு கைக்கும் வரவில்லை. முப்பத்தொரு மடங்கு என்று ஒரு எண்ணம் வந்தது, அதை முடிக்காமல் விட்டாள். பால்கனிக் கதவு மூடவில்லை. அடியில் தரையோடு உரசி நின்றது. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவு இரும்பு என்பது அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு, அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு அதிர்வு. மூட்டையைப் போட்டதுபோல ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு கீழேயிருந்து அஃப்ரீனின் அலறல்.

புளிக்கையோடு படியிறங்கினாள். பாத்திமா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் அஃப்ரீன் குழந்தையை மார்போடு அழுத்தியபடி சுவரில் ஒட்டி நின்றாள். குழந்தை தலையில் எண்ணெய் வழிந்தது. மழை சற்று விட்டிருந்ததால் வெளிச்சத்துக்காகத் தொட்டிலில் போட்டிருந்தவனைக் குளிப்பாட்ட உள்ளே தூக்கி வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பால்கனியில் தொட்டிலின் கயிறு ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. சிமெண்டுப் பாளம் ஒன்று, முறம் அகலத்துக்கு, தொட்டில் துணிக்குள் கிடந்தது.

அம்சம் நிமிர்ந்து பார்த்தாள். தன் பால்கனியின் அடிப்பாகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கம்பிகள் வெளியே தெரிந்தன. கம்பி என்று சொல்ல முடியாது, ஏடு ஏடாக உரிந்த துரு. அதன் வழியாகச் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அல்லா காப்பாத்துனான், அம்சம். அல்லாதான் காப்பாத்துனான்" என்று பாத்திமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கை பட்டதும் அம்சத்தால் முடியவில்லை. "எனக்குத் தெரியுங்க்கா."

"என்ன தெரியும்?"

"விரிசல் விட்டது. இருபத்தஞ்சு நாளாத் தெரியும். முட்டை ஓடுன்னு சொன்னது பொய்."

பாத்திமா அவளையே பார்த்தாள். பிடித்திருந்த கையை உதறவில்லை. ஒவ்வொரு விரலாகத் தளர்த்தி எடுத்துக்கொண்டாள். பின்னால் அஃப்ரீன் குழந்தையின் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தொட்டில உள்ள கட்டியிருப்பேன்ல" என்றாள் பாத்திமா. குரல் உயரவில்லை. "அவ்வளவுதானே கேட்டிருப்பேன்."

அது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று அம்சத்துக்கே தெரியவில்லை.

பாத்திமா போனை எடுத்து மீரா உசேன் நம்பரைத் தேடினாள். தேடியபடியே, "உன் வூட்டுக்காரர் எங்க?" என்றாள்.

அம்சம் படியேறியதை அவள் கால்கள்தான் அறியும். கட்டில் காலியாக இருந்தது. அவர் பால்கனியில் நின்றார். மறுபடி கொட்டத் தொடங்கிய மழையில், வேட்டி தொடையோடு ஒட்டியிருக்க, தொட்டிகளின் அடியில் இருந்த ஓட்டைகளை ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். தேங்கிய தண்ணீர் ஒவ்வொன்றிலிருந்தும் பீறிட்டது. பால்கனி வாசற்படியின் அந்தப் பக்கம் தரை ஒரு விரல் அளவு கீழே இறங்கியிருப்பதை அவள் பார்த்தாள்.

படியில் காலை வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். தன்னுடைய கனம் எவ்வளவு?

"என்னங்க." கத்தக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உள்ள வாங்க. மெதுவா. ஒரு எட்டுதான்."

அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார், அவள் பார்வை நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து கத்தரிச்செடி வாளியின் காதைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தார். அடியில் விரிசல் இல்லை. வாளி இருந்த நீளம் முழுக்கக் களிமண் வைத்து அடைத்திருந்தது. பழைய மண், புது மண் என்று அடுக்கடுக்காக. ஒவ்வொரு அடுக்கிலும் விரல் அழுத்திய பள்ளங்கள். நடுவிலேயே அது மறுபடி பிளந்திருந்தது.

எத்தனை பகல்கள் அவரும் அவளிடம் சொல்லாமல் இந்த வாளியை நகர்த்தியிருக்கிறார்!

"வாங்க" என்று கையை நீட்டினாள். "செடி போவட்டும். நான் வேற வச்சுத் தரேன். வாங்கங்க."

நீட்டிய கையில் அவர் வாளியின் காதைக் கொடுத்தார்.

அவள் மறுத்தால் அவர் அங்கேயே நிற்பார். வாங்கினாள். தரையில் இழுத்துக் கூடத்துக்குள் தள்ளினாள். திரும்புவதற்குள் அடுத்த டின் படிக்கு வந்திருந்தது. இடது கை இழுக்க, வலது கை, அந்த வலது கை, டின்னின் விளிம்பைப் பிடித்திருந்தது. அதற்கடுத்து தெர்மாகோல் பெட்டி. பிறகு முள்ளங்கி. கீழே தெருவில் யாரோ கைகளை ஆட்டிக் கூச்சலிட்டார்கள், குடைகள் கூடின. கூடத்துத் தரையில் சேற்றுத் தண்ணீர் பாய்ந்து கட்டில் காலைச் சுற்றிக்கொண்டது. அம்சம் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். வாங்குவதும் தள்ளுவதுமாக இருந்தாள். ஒவ்வொன்றை வாங்கும்போதும் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது ஈரத்தில் நழுவியது.

வெளியே இன்னும் பதினொன்று இருந்தன. எங்கோ அடியில் கல் கல்லோடு உரசுகிற ஒரு சத்தம் கேட்டு நின்றது. நெடுஞ்செழியன் நிமிர்ந்து ஒரு கணம் செவி கொடுத்தார். பிறகு கோடியில், கைப்பிடிச் சுவரோரம் இருந்த முட்டைக்கோஸை எடுக்க, மழைக்குள் அடிமேல் அடி வைத்துப் போனார்.