ஒரு மணித்தியாலம் முந்திக் குடித்த தேநீர்

காலை ஐந்து மணியிலிருந்து வதனி பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கவில்லை. மகள் ஹரிஷா துணை விமானியாகப் பயணிகளோடு பறக்கும் முதல் நாள் அது. அவள் தரையிறங்கும்வரை ஒன்றும் தொடுவதில்லை என்று பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தாள். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள், அதுதான்.

ஹரிஷா ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன தாளில் இவ்வளவுதான் இருந்தது: சூரிச் 7.10, லிஸ்பன் 9.00.

வதனிக்குச் சூரிச்சுக்குத் தெற்கே, எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இயந்திரம் சூடாகத் தள்ளும். எடுத்து மடிக்க வேண்டும். தொண்டை வறள, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து மடித்தாள். ஒன்பதுக்கு இடைவேளை மணி அடித்தது. இறங்கியிருப்பாள். முதலில் ஒரு மிடறு தேநீர், பிறகு முழுக் கோப்பையும்.

எதிரே இருந்த தம்பித்துரை, கூட வேலை செய்பவர், சிரித்தார்.

"என்ன வதனி, தேத்தண்ணியைக் கண்டு ஒரு வருசமோ?"

அவரிடம்தான் முதன்முதலில் விரதத்தைச் சொன்னாள். அவர் கைபேசியைத் தட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"ஆயிரத்து எழுநூறு கிலோமீற்றர். ரெண்டு மணித்தியாலம் ஐம்பது நிமிசம் எண்டு கிடக்கு."

"இல்லை அண்ணை, ஏழு பத்துக்கு வெளிக்கிட்டு ஒன்பதுக்கு இறங்குது."

"அது லிஸ்பன் மணிக்கூட்டிலை ஒன்பது. அங்கை எங்களைவிட ஒரு மணித்தியாலம் பிந்தித்தானே. பிள்ளை இன்னும் மேலைதான்."

குடித்ததைத் திருப்பி எடுக்க முடியுமா, சொல்லுங்கள்! வதனி ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தாள். மறுபடியும் கொப்பளித்தாள். தேயிலை வாசம் போகவில்லை.

அதன்பிறகு அவள் மடித்த விரிப்புகளில் ஒன்றும் மூலைக்கு மூலை சேரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தம்பித்துரை நின்ற அடுத்த இயந்திரத்துக்கு ஓடினாள்.

"எங்கை அண்ணை இப்ப?"

"ஸ்பெயின். நீர் ஓடுற ஓட்டத்திலை பிளேனுக்கு முந்திப் போயிடுவீர்."

பத்து மணி. இறங்கவில்லை. பத்து பத்துக்குப் பார்த்தபோது, அவருடைய கைபேசி வரைபடத்தில் ஹரிஷாவின் விமானம் சின்னதாகக் கடலுக்கு மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. தம்பித்துரை பகிடி விடவில்லை. வதனி மேற்பார்வையாளர் பார்க்கப் பார்க்க இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றாள். ஒரு கோப்பை. ஒரேயொரு கோப்பை.

பத்து இருபத்தைந்துக்குக் கைபேசி அடித்தது.

"அம்மா, இறங்கிட்டன்!"

"ஏன் பிள்ளை சுத்தினனீங்கள்?"

"முன்னுக்கு நாலு பிளேன் நிண்டது. பஸ் தரிப்பிடம் மாதிரித்தான். ஏன் அழுறீங்கள்?"

"நான்... தேத்தண்ணி குடிச்சிட்டனடி."

"குடிச்சா என்ன? நானும் குடிச்சனான். ஸ்பெயினுக்கு மேலை."

வதனி மூக்கைத் துடைத்தாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

"திரும்பி எப்ப வெளிக்கிடுறாய்?"

"பத்து ஐம்பதுக்கு. பிந்தினாலும் பிந்தும்."

"எந்த ஊர் மணிக்கூட்டிலை?"

"இங்கத்தை மணிக்கூட்டிலை. உங்களுக்குப் பதினொண்டு ஐம்பது. ஏனம்மா?"

"சும்மா கேட்டனான்."

வதனி உள்ளே வந்தாள். சுவர் மணிக்கூட்டில் பத்தரை. தண்ணீர்க் குழாயடியில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று குவளை தண்ணீரை நின்ற நிலையில் குடித்து முடித்தாள்.

"திரும்பவும் விரதமோ?" என்றார் தம்பித்துரை.

"ஓம். பதினொண்டு ஐம்பது தொடக்கம். அவள் இறங்கிறது எத்தினை மணிக்கெண்டு பாத்துச் சொல்லுங்கோ அண்ணை. எங்கடை மணிக்கூட்டிலை."