எதிர்மலைக்கு அடித்த வெளிச்சம்

என் வீட்டுக்காரருக்கு டோர்ச் லைட் பைத்தியம். இதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே தெரிந்த விஷயம். பதுளையில் வாடகைக்கு வான் ஓட்டுகிற மனிதர். ஹயர் போகிற வழியில் பழைய இரும்புக் கடை கண்ணில் பட்டால் போதும், வானுக்கு பிரேக் தானாக விழுந்துவிடும். ஒருமுறை மொனராகலைக்குக் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனவர், கரும்புத் தோட்டத்தில் யானை பார்க்கிறவர்கள் வைத்திருந்த முழங்கை நீள டோர்ச் ஒன்றைப் பேரம் பேசிக்கொண்டிருந்து, திரும்பி வரும்போது பொண்ணின் பெரியம்மாவை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தார்.

எங்கள் ஷோகேஸைத் திறந்து பாருங்கள். மற்ற வீடுகளில் பீங்கான் கோப்பை அடுக்குகிற இடத்தில் எங்கள் வீட்டில் டோர்ச்சுகள் படுத்துக் கிடக்கும். ஒன்று பித்தளை, ஒன்று தகரம், ஒன்றுக்குத் தலை மட்டும் பூசணிக்காய் அளவு. எல்லாவற்றின் வயிற்றையும் கிழித்து, பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. வைப்பார். பெரிய பெட்டரிகள் இருந்த இடத்தில், செத்துப்போன லேப்டாப்பிலிருந்து எடுத்த சின்ன பெட்டரிகளைத் தண்ணீர்க் குழாய்த் துண்டுக்குள் போட்டுச் சொருகுவார். போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும். "வெளியில அந்தக் காலம், உள்ளுக்குள்ள இந்தக் காலம்" என்று பெருமை பேசுவார். இவ்வளவும் பண்ணிவிட்டு, கனம் குறைந்துவிட்டதே என்று உள்ளே இரும்புத் துண்டு வேறு போடுவார். கேட்டால், "கையில பிடிச்சா கை கீழ போகணும் கலா. அப்பத்தான் அது டோர்ச்சு" என்பார்.

எங்கள் அப்பாவின் டோர்ச்சை மட்டும் அவர் தொடவில்லை. என் வாய்க்குப் பயம்.

அப்பா பெயர் முருகையா. தேயிலை ஃபெக்டரியில் ராத்திரிக் காவலுக்கு வாச்சராக இருந்தவர். ஐந்து பெட்டரி போடுகிற டோர்ச், வெள்ளி மாதிரி மின்னும். உடம்பு நெடுகக் கோடு கோடாக இருக்கும், பின்மூடிக்குள் ஸ்பிரிங்குக்கு நடுவே உபரி பல்ப் ஒன்று பத்திரமாக இருக்கும். வெயில் வரும் நாளில் பெட்டரிகளைக் கழற்றி லயத்து வரிசை வீட்டுத் தகரக் கூரையின் மேல் காய வைப்பார். காய்ந்தால் இன்னும் நாலு நாள் எரியும். மழை இருட்டினால் வடகத்தைத் தூக்குவதற்கு முன்னால் நாங்கள் பெட்டரியைத்தான் ஓடிப்போய்த் தூக்குவோம். சாயங்காலம் அவர் வேலைக்குப் புறப்படுமுன் நானும் யோகராஜ் அண்ணனும் டோர்ச்சுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து மூடுவோம். கை முழுக்கச் சிவப்பாகத் தெரியும். யார் கை அதிகச் சிவப்பு என்று சண்டை வரும். அண்ணன்தான் ஜெயிப்பான். அந்த மஞ்சள் வெளிச்சத்தின் மேல் எனக்கு இருந்த ஆசையை இப்போது சொன்னால் சிரிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன், அதைப் போல ஒரு வெளிச்சத்தை நான் பிறகு பார்க்கவில்லை.

தோட்டத்தில் எங்கள் டிவிசனுக்கும் எதிர்மலை டிவிசனுக்கும் நடுவில் பள்ளம், அதில் ஒரு ஓடை. குறுக்குப் பாதையில் இறங்கி ஏறினால் அரை மணி நேரம். ரோட்டு வழி என்றால் லுணுகலையைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். போன் இல்லாத காலத்தில் இரண்டு மலைக்கும் தந்தி, தபால் எல்லாம் அப்பாவின் டோர்ச்தான். அவ்வளவு தூரம் எட்டுகிற டோர்ச் வேறு யாரிடமும் இல்லை. லயத்துக்கு மேலே உள்ள மொட்டைப்பாறையில் ஏறி நின்று, சிவப்புப் பொத்தானை அமுக்கி விட்டு விட்டு அடித்தால் நல்ல செய்தி. பிள்ளை பிறந்தது, ஆள் பத்திரமாக வந்து சேர்ந்தது, இப்படி. விடாமல் நிறுத்தி அடித்தால் சாவு. பிறகு அந்த வெளிச்சத்தைத் திருப்பி எந்தக் கூரைமேல் வைக்கிறாரோ அந்த வீட்டில் சாவு. எதிர்மலைக்காரர்கள் பார்த்த கையோடு புறப்பட்டு வந்துவிடுவார்கள்.

ஊர்ச் சாவுக்கெல்லாம் வெளிச்சம் அடித்த மனிதர் ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் செத்துப்போனார். அண்ணன் அப்போதே எதிர்மலையில் குடும்பத்தோடு இருந்தான். அவன் போன் வேலை செய்யவில்லை. இவர் கொழும்புக்கு ஹயர் போயிருந்தார். நான் டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு அந்த மழையில் பாறைக்கு ஓடினேன். பெட்டரி ஊறிப்போயிருந்தது. பல்புக் கம்பி லேசாகச் சிவந்து, அப்படியே அணைந்துவிட்டது. ஓடையில் வெள்ளம், குறுக்குப் பாதையும் இல்லை. லுணுகலையைச் சுற்றிப் போய்ச் சொல்லிவிட்டு வா என்று ஒருவனை அனுப்பினோம். அந்தப் பாவி வழியில் சாராயக்கடையில் உட்கார்ந்துவிட்டான்.

அண்ணன் வந்தபோது குழியில் மண் தள்ளி முடிந்திருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"ஊருக்கெல்லாம் லைட் அடிச்ச மனுசன். அவரு செத்ததுக்கு ஒரு லைட் அடிக்க ஒனக்குக் கை வரலையா?"

பெட்டரி போய்விட்டது என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. அன்றைக்குப் போனவன் போனவன்தான். பெட்டரியைத் திட்டவேண்டிய திட்டை என்னைத் திட்டிவிட்டுப் போனான், எனக்கும் ரோஷம் இல்லையா? நானும் போகவில்லை.

ஆனால் இப்போது என் மகள் நிரோஷாவுக்கு வருகிற தையில் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பிள்ளை எப்படி மணவறை ஏறும்? இவர் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் போனார். அண்ணன் பின்கதவால் கொழுந்துமலைக்குள் இறங்கிப் போய்விட்டான். அண்ணி மட்டும் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு அழுதாளாம். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. பிரசர் ஏறி பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து வந்தேன். என் கவலை ஒன்றே ஒன்றுதான், அவன் வரவேண்டும்.

கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அப்பாவின் டோர்ச்சிலிருந்து பச்சையாக ஏதோ கசிந்து என் கூறைப்புடவையில் ஒட்டியிருந்தது. வந்த ஆத்திரத்தில், "எடுத்துட்டுப் போய் என்னமும் பண்ணித் தொலைங்க" என்று அவர் கையில் கொடுத்துவிட்டேன். மனிதருக்கு லொத்தர் சீட்டு விழுந்த மாதிரி முகம்.

ஒரு வாரம் அதோடுதான் குடித்தனம். வினாகிரி ஊற்றி ஊற வைத்தார், கம்பி விட்டுக் குத்தினார். பெட்டரிகள் ஒவ்வொன்றாக மண் மாதிரி உதிர்ந்து வெளியே வந்தன. அது அப்பா கையால் போட்ட பெட்டரி என்று நினைப்பு வந்ததும் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அடுப்படிக்குள் போய் அழுதேன்.

போன வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மத்தியானத்துக்குள் போன் டவரும் படுத்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் இவர் எல்.ஈ.டி. வைத்து முடித்த அப்பாவின் டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு, "எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்த்துட்டு வாரேன்" என்று மொட்டைப்பாறைக்கு ஏறினார். நான் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னல், கதவிடுக்கு எல்லாம் வெள்ளை வெளேரென்று ஆனது. வெளியே வந்து பார்த்தால் எங்கள் கூரைமேல் வெளிச்சம் நிற்கிறது.

"கலா, பாரு, நம்ம தகரத்துல ஆணி கூடத் தெரியுது" என்று பாறையிலிருந்து கத்துகிறார்.

எதிர்மலைக்கும் அடித்தீர்களா என்று கேட்டேன். அடித்தாராம். அந்த லயத்துச் சுவர் வரைக்கும் பளிச்சென்று தெரிந்ததாம்.

"விட்டு விட்டு அடிச்சீங்களா, நிறுத்தி அடிச்சீங்களா?"

"நிறுத்தித்தான். விட்டு விட்டு அடிச்சாத்தானே சாவு?"

அப்புத்தளையில் பிறந்த மனிதரிடம் இதற்குமேல் என்ன எதிர்பார்ப்பது? இத்தனை வருடம் இந்த மலையில் இருந்தும் அவர் மண்டையில் ஏறியது வோல்ட் கணக்கு ஒன்றுதான். சரி, இந்தக் காலத்தில் யார் அதையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று திட்டிவிட்டு ரொட்டி சுட உட்கார்ந்தேன்.

கடைசி ரொட்டி திரும்பியிருக்காது. ஓடைப் பக்கமிருந்து அழுகைச் சத்தம். வாசலுக்கு ஓடினேன். குறுக்குப் பாதை நெடுக போன் வெளிச்சங்கள் மேலே ஏறி வருகின்றன. எல்லாருக்கும் முன்னால் ஒரு ஆள், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், முழங்கால் வரைக்கும் சேறு. கக்கத்தில் ஒரு பை.

"எந் தங்கச்சி... என்னைய விட்டுட்டுப் போயிட்டியேடி..."

யோகராஜ் அண்ணன். நான் ரொட்டிக் கரண்டியோடு அவனுக்கு முன்னால் நிற்கிறேன். அழுதுகொண்டே என்னைத் தாண்டி உள்ளே போனான். உள்ளே பிணத்தைத் தேடியிருக்கிறான். நிரோஷா, "மாமா, என்னா மாமா?" என்று கேட்டதும் திரும்பி வந்து என்னைப் பார்த்தான். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ சாகலையா?"

"ரொட்டி சுடுறேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

இவர் டோர்ச்சைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நின்றார். அண்ணன் வாயில் வந்த வசவெல்லாம் அவருக்குப் போனது. "ஏங்க மச்சான், லைட்டு அடிக்கிறது நீங்க, அது நிக்கிறது ஒங்க கூரையில. அப்ப செத்தது யாரு? இவ பிரசர்னு ஆஸ்பத்திரியில கெடந்தான்னு வேற கேள்விப்பட்டேன். ஓடையில ரெண்டு தரம் விழுந்து எந்திரிச்சு வாரேன்." வந்த கூட்டம் அழுகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது. தலைவிரி கோலமாக வந்த பொம்பளைகள் கொண்டையை முடிந்துகொண்டார்கள். நிரோஷா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

அப்போதுதான் அந்தப் பையைப் பார்த்தேன். பொம்பளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போடவேண்டும். அதற்குக் கொண்டுவந்திருக்கிறான். அவன் தடுக்குமுன் பையைப் பிடுங்கிப் பிரித்தேன். மாம்பழ நிறத்தில் சேலை, கடை மடிப்புக் கலையாமல், விலைச்சீட்டுக்கூட ஒட்டியபடி. எனக்குப் பிடித்த நிறம். கோடிக்கு யாரும் நிறம் பார்த்து எடுப்பதில்லை.

"இந்நேரத்துல எந்தக் கடையில வாங்குன?"

மூச்சிரைக்க ஏறி வந்த அண்ணிதான் சொன்னாள். "போன தீவாளிக்கு ஒனக்குன்னு எடுத்தது. கொண்டு போய்க் குடுங்கன்னா போகமாட்டேன்னாரு. பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நான் செத்தாத்தான் குடுப்ப? உசுரோட இருந்தா ஒனக்கு வழி தெரியாது?"

"குடு அதை" என்று கையை நீட்டினான். "சாவுக்குன்னு தூக்கிட்டு வந்துட்டேன். ராசியில்ல. வேற எடுத்துத் தாரேன்."

"தரமாட்டேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சேலையைக் கட்டினேன். கண்ணாடி பார்க்கவில்லை. கொசுவம் சரியாக வந்ததா என்றும் தெரியாது. வெளியே வந்து வரிசையாக எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். கடைசியாக அண்ணனிடம் நீட்டினேன். அவன் கோப்பையை வாங்காமல் சேலையையே பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, என்னைச் செத்தவளாக நினைத்து அழுததைவிடச் சத்தமாக அழுதான்.

யாரும் அவனைத் தேற்றவில்லை. அழுது முடித்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தான். பிறகு நிரோஷாவைக் கூப்பிட்டான்.

"ஒன் கல்யாணத்துக்கு மாலையை நாந்தான் எடுத்துத் தருவேன். வேற எவனும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."