ஜெயந்தினியின் வரிசையில்லாத உரை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் அங்கே இருந்தேன். லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயத்தில் ஜெயந்தினியின் வீடு. மறுநாள் அவளுக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. ஒத்திகை பார்க்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். நான் ஹட்டனில் தமிழ் படிப்பிக்கிறேன், அவ்வப்போது கதை எழுதுகிறேன். தேர்வுக்குழு மாதிரி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதுதான் என் வேலை.

தொடக்கங்கள் பல எழுதிப் பார்த்தேன். “மலைமேல் பனிமூட்டம் மெல்ல இறங்கிய அந்த மாலையில்” – சகிக்கவில்லை. “தப்பு என்பது தோலால் ஆன வட்ட வடிவப் பறை, அது” – பாடப்புத்தகம். “வீரய்யா இரண்டு முறை” – வேண்டாம், இது வெறும் கெட்டிக்காரத்தனம்.

நடந்ததையே சொல்கிறேன்.

2

ஜெயந்தினியின் ஆய்வு தோட்டத்துத் தப்பைப் பற்றியது. ஆட்களை வேலைக்குக் கூப்பிட ஓர் அடி, சாமி ஊர்வலத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. கேட்டவுடனே எல்லாருக்கும் விளங்கிவிடும். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

“வரிசையாப் பேசுனா நடுவுல கேள்வி கேட்டுக் கவுத்துருவாங்கக்கா. அதான் வரிசையே வைக்கல” என்றாள்.

திரையில் தோட்டத்தின் வரைபடம் மட்டும் இருந்தது. கோயிலைத் தொட்டால் கோயில் அடி கேட்கும்; தேயிலை மலையைத் தொட்டால் வேலைக்குக் கூப்பிடும் அடி; சுடுகாட்டைத் தொட்டால் சாவு அடி. எங்கிருந்தும் எங்கும் போகலாம், முதலும் கிடையாது முடிவும் கிடையாது.

(இந்தக் கதையையும் அப்படி எழுத ஆசைப்பட்டேன். முடியவில்லை. சாவுக்கு முன்னும் பின்னும் உண்டு.)

3

சத்தம் கணீரென்று வர வேண்டுமென்று கோயில் கமிட்டியின் பெரிய ஸ்பீக்கரை இரவல் வாங்கி வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், வைத்திருந்தாள். உள் அறையில், காம்பராவில், அவளுடைய அப்பா வீரய்யா படுத்திருந்தார். நெஞ்சுச் சளி முற்றி, எழுந்து நடமாடி மாதக்கணக்காகிவிட்டது. அம்மா பேச்சியம்மா தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்தார்.

“கோயில் ஊர்வலத்திலிருந்து தொடங்குங்கள், செல்வி ஜெயந்தினி” என்றேன், மிடுக்காக.

அவள் கோயிலைத் தொட்டாள். சாவு அடி கிளம்பியது.

இணைப்புகளை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். நிறுத்தப் போனால் கணினி அசையவே இல்லை. திரையில் தேர் நிற்கிறது, ஸ்பீக்கர் மலை முழுக்கச் சாவு சொல்கிறது. வயரை எங்கே பிடுங்குவதென்று நாங்கள் தேடுவதற்குள் மேல் லயத்தில் ஒப்பாரி எழுந்துவிட்டது. யாருடைய சாவு என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் படுத்த படுக்கையாக இருந்தவர் ஒருவர்தானே!

தலையை விரித்துப்போட்டுக்கொண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். கந்தப்பளையில் இருக்கும் உறவுக்கு யாரோ போன் பண்ணியும் விட்டார்கள். தன் வீட்டை நோக்கி ஊரே அழுதுகொண்டு ஓடுவதைப் பேச்சியம்மா பீலியடியிலிருந்து பார்த்தார். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“இப்பத்தானேய்யா தேத்தண்ணி கேட்டீங்க!” என்று வாசலிலேயே விழுந்தார்.

எல்லாரையும் தள்ளிக்கொண்டு தம்பையா வந்தார். வீரய்யாவின் சொந்தத் தம்பி. பக்கத்து டிவிஷனில் இருந்தும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நேரே உள்ளே போய் அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டார்.

“என்னய மன்னிச்சுருண்ணே! பாவி, ஒரு தடவ வந்து பாக்காம விட்டுட்டேனே!”

“மெதுவாப் புடிடா, வலிக்குது” என்றார் பிணம்.

4

(இங்கே எனக்குச் சந்தேகம். தம்பையாவை வாசகர்கள் நம்புவார்களா? ஒரு பிரதியில் அவரைத் தம்பியாக இல்லாமல் கூட்டாளியாக்கினேன். இன்னொன்றில் அவரை நீக்கியே விட்டேன். இரண்டிலும் கதை செத்துப்போனது. ஆகவே அவர் இருந்தபடியே இருக்கட்டும்.)

தம்பையா எழுந்தார். எல்லாரையும் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். அவமானத்தில் முகம் கறுத்து, வந்த வழியே போய்விட்டார். மற்றவர்கள் ஜெயந்தினியை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, பிறகு சிரித்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

“சாவு மேளம் கேட்ட வீட்டுலருந்து நல்ல காரியத்துக்குப் போகப்படாது. நீ போக வேணாம்” என்றார் பேச்சியம்மா.

ஜெயந்தினி கணினியை மூடிவிட்டாள். அந்த வேலைக்காக அவள் எத்தனை வருடம் படித்தாள் என்பது எனக்குத் தெரியும்.

வீரய்யாதான் பேசினார். “எவன் எவன் அழுவான்னு நான் கண்ணால பாத்துட்டேன். யாருக்குக் கெடைக்கும் இது? எந்தம்பி வந்துட்டான். நீ போ தாயி. போயி, அந்த அடியவே மொதல்ல போடு.”

முதலே இல்லாத உரைக்கு அப்படித்தான் ஒரு முதல் வந்தது. பேச்சியம்மாவும் அதற்குமேல் தடுக்கவில்லை. விடியுமுன் ஜெயந்தினி பஸ் ஏறினாள். நான் அங்கேயே தங்கியிருந்தேன்.

5

காலையில் வீரய்யா இறந்துபோனார். தேத்தண்ணியைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை. அவ்வளவுதான்.

தப்பு அடிக்கிறவர் வந்து வாசலில் நின்று அடித்தார். அதே அடி. யாரும் வரவில்லை.

நான் இதைக் கற்பனை செய்யவில்லை. கற்பனை என்றால் இவ்வளவு கொடுமையாக எனக்கு வராது. மேல் லயத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்: “ஏ ஜெயந்தினி! இன்னைக்குமாடி? அந்தக் கம்பியூட்டர அமத்து!” யாரோ சிரித்தார்கள். நான் படியேறி ஓடி, ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. தம்பையாவுக்குப் போன் போட்டேன். “ஒரு தடவ கேணயனானது போதும் டீச்சர்” என்று வைத்துவிட்டார். மறுபடி எடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஜெயந்தினியின் செய்தி வந்தது.

“அடுத்தது நான்தான் அக்கா. அப்பா சொன்னதத்தான் மொதல்ல போடப்போறேன். அவர்கிட்ட சொல்லிருங்க.”

“நீங்களே அவகிட்ட சொல்லுங்க டீச்சர், என்னால முடியாது” என்றார் பேச்சியம்மா.

6

முடிவு ஒன்று: நான் அழைக்கிறேன். அவள் கணினியைத் திறந்தபடியே விட்டுவிட்டு

முடிவு இரண்டு: நான் அழைக்கவில்லை. தன் அப்பாவுக்கென்று இங்கே அடிக்கும் அடியை அங்கே அந்நியர்களுக்கு அவள் விளக்குகிறாள், அவர்கள் தலையாட்டி

இரண்டையும் எழுதி முடிக்க முடியவில்லை. அன்று நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும், ஜெயந்தினிக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். செய்தது சரியா என்று நீங்கள் பிறகு தீர்ப்புச் சொல்வீர்கள். அது எனக்கு வேண்டாம்.

உள்ளே அவர் கிடக்கிறார். வாசலில் தப்பு நிற்காமல் அடிக்கிறது. அங்கே கதவு திறந்து இன்னும் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. இந்தாருங்கள் கைபேசி, அவளுடைய எண் திரையில் இருக்கிறது.