மின்ஸ்க்குக்கு முப்பத்தைந்து நிமிடம்

வில்னியஸிலிருந்து எல்லை தாண்டி மின்ஸ்க் நூற்றெழுபது கிலோமீட்டர். நேர் விமானம் இருந்த காலத்தில் முப்பத்தைந்து நிமிடம். சீட் பெல்ட்டைச் சரியாக மாட்டுவதற்குள் ஊர் வந்துவிடும். இரண்டு நாடுகளுக்கும் நடுவே வந்த பாழாய்ப்போன அரசியலில் அதுவும் நின்றுபோயிற்று. இப்போது தெற்கே இஸ்தான்புல் வரை மூன்று மணி நேரம் பறந்து, அங்கே காத்துக்கிடந்து, திரும்ப வடக்கே வரவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். வில்னியஸில் டிக்கெட் அலுவலகத்தில் உட்கார்ந்து இதை நாளெல்லாம் ஊருக்குச் சொல்வது யாட்விகாவின் வேலை. அவள் மட்டும் போகமுடியாது. மின்ஸ்க்கில் அரசை எதிர்த்து ஊர்வலம் போனவள், தப்பி வந்தவள். கால் வைத்தால் சிறைதான்.

அங்கே அப்பா படுத்த படுக்கையாகி இரண்டு மாதம்.

சனிக்கிழமை மதியம் தம்பி யாசெப் கூப்பிட்டான்.

"அக்கா, அப்பா உன்னைப் பாக்கணும்கறார். கிளம்பி வா."

'இந்தப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிருவேன்' என்று போன வாரம்கூட மிரட்டியவன் இவன்.

"டேய், நான் எப்படிடா வர்றது?"

"எல்லாம் பேசியாச்சுக்கா. ஒண்ணும் பண்ணமாட்டாங்க. செவ்வாய்க்கிழமை இஸ்தான்புல் வழியா டிக்கெட்கூட போட்டாச்சு."

யாரிடம் பேசினான்? கேட்கத் துணிவில்லை. அப்பாவின் கையை ஒருதரம் பிடித்தால் போதுமென்றிருந்தது அவளுக்கு.

"சாப்பிடறாராடா?"

"காலையில ரெண்டு உருளைக்கிழங்கு அடை சாப்பிட்டார்."

"சரி, வர்றேன். அவருக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?"

யாசெப் அருகே யாரோ இருமினார்கள்.

"ரோஜாப்பூ வாங்கிட்டு வா. பத்து. எண்ணிப் பாத்து, பத்து."

அவர்கள் ஊரில் உயிரோடிருப்பவர்களுக்கு மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்பார்கள். இரட்டைப்படை கல்லறைக்கு. அப்பா போய்விட்டார். வராதே என்கிறான் தம்பி. அடப் பாவி, பக்கத்தில் இருமுகிறவனும் அந்த ஊர்க்காரன்தானே, அவனுக்கு மட்டும் தெரியாதா?

அழுகையை அமுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"பத்தாம்! மக்குப் பயலே, உனக்கு எப்பதான்டா எண்ணத் தெரிஞ்சுது? பதினொண்ணு வாங்கிட்டு வர்றேன்."

"ஆமாக்கா... பதினொண்ணுதான். தப்பாச் சொல்லிட்டேன்."

அவ்வளவுதான், போன் கை மாறியது. அதே இருமல், பிறகு ஒரு ஆண்குரல், ரொம்ப மரியாதையாக:

"வணக்கம்மா. பதினொண்ணு வேணாம், பத்தும் பத்தாது. இருபதா வாங்கிட்டு வாங்க. செவ்வாய்க்கிழமை நீங்க வரலேன்னா ரெண்டு பேருக்கு வேண்டியிருக்கும்."

தொடர்பு அறுந்த பிறகும், "வர்றேன், அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க, வர்றேன்" என்று யாட்விகா சொல்லிக்கொண்டே இருந்தாள்.