அட்டைச் சிறையின் கதவு

படத்துக்காக மத்தேங்கா ஏரிக்கரையில் ஒட்டுப்பலகையால் கட்டிய சிறைக்குள் போனவர்களைவிட, வெளியே வந்தவர்கள் அதிகமாக இருந்தார்கள். அதற்காகப் படப்பிடிப்பை யாரும் நிறுத்தவில்லை. மதியச் சாப்பாடு பற்றாமல் போனதுதான் அன்றைய சிக்கல். சமையல்காரப் பெண்கள் சோளமாவு கேட்டு வீடு வீடாக அலைந்தார்கள்.

படம் காலஞ்சென்ற தலைவர் சிங்காம்பேயைப் பற்றியது. ஏரியிலிருந்து தலைநகர் வரை தார்ச்சாலை போட்டவர் அவர். மத்தேங்காவில் ஆண் இல்லாத வீடுகளில் பாதி உண்டானதும் அவர் காலத்தில்தான். அவர் பேச்சை எடுத்தால் ஒரே அடுப்படியில் இருவர் முகம் திருப்பிக்கொள்வார்கள். எனலேசியின் வீட்டிலும் அப்படித்தான். அவள் கணவன் ஜைலோசி, படகில் ஒழுகிய ஓட்டையைக் கட்சித் துணியின் கிழிசலால் அடைத்தவன். அதில் தலைவரின் முகம் அச்சாகியிருந்தது. முகத்தைத் தண்ணீரில் அமுக்கினான் என்று கட்சியின் இளைஞர் படை வந்து கூட்டிக்கொண்டு போனது. பிறகு சேதியே இல்லை. அந்த ஊரில் விதவையும் புருஷன் திரும்பாதவளும் கட்டும் கறுப்புத் தலைத்துணியைப் புருஷனின் சகோதரிதான் அவிழ்க்க வேண்டும். அதுவும் அடக்கம் செய்ய உடம்பு கிடைத்த பிறகுதான். ஜைலோசியின் தங்கை ஃபலேசி, தலைவர் கட்டிய ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவள். உடம்பு கிடைக்காமல் அவிழ்க்க மாட்டேன் என்றாள். அவிழ்த்தால் அண்ணன் செத்ததாகிவிடும், தலைவர் கொன்றதாகிவிடும். இரண்டுமே அவளுக்கு ஆகவில்லை. எனலேசியின் தலையில் ஒன்று நைந்தால் அதன் மேலேயே இன்னொன்று ஏறியது. மயிர் முழுக்க நரைத்ததை அவளே பார்த்ததில்லை.

தலைவராக நடித்த வைசன் தலைநகரில் பள்ளி வாத்தியார், சாதுவான மனிதர். ஒப்பனை முடிந்து அவர் கைத்தடியோடு இறங்கிய முதல் நாளே ஊர்ப் பெண்கள் பழைய பழக்கத்தில் மண்டியிட்டுவிட்டார்கள். சிரித்துக்கொண்டுதான் மண்டியிட்டார்கள், ஆனால் எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. எனலேசி மட்டும் முழங்காலாலேயே நகர்ந்து அவர் காலடிக்கு வந்து, புருஷன் பேரையும் படகு விஷயத்தையும் சொன்னாள்.

“அம்மா, நான் வெறும் நடிக்கிறவன்.”

“தெரியும்யா. நெஜமானவரு கேக்கவே இல்ல. நீங்களாவது முழுசாக் கேளுங்க.”

அவர் முழுசாகக் கேட்டார். வெயில் ஏறி ஒப்பனை கரைந்தது, இயக்குநர் கத்தினார், அவர் நகரவில்லை. கடைசியில், “விட்டுடச் சொல்றேன்மா, எழுந்திரிங்க” என்றார்.

மறுநாள் தலைவர் சிறையைப் பார்வையிடும் காட்சி. வசனத்தில் இல்லாத ஒன்றை வைசன் சொன்னார்: எல்லாரையும் விட்டுடுங்க. கதவு திறந்தது. கூலிக்கு நடிக்க வந்தவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள், கண்கள் கூச, பிடித்துக்கொண்டு போன அன்று போட்டிருந்த சட்டையோடு. கூட்டம் இயல்பாக இருக்கிறது என்று இயக்குநர் மெச்சினார். ஜைலோசிக்கு ஒரு வயதும் கூடியிருக்கவில்லை. அம்மா வயதில் நின்ற மனைவியை அவள் குரலை வைத்துத்தான் அவன் கண்டுபிடித்தான். பொழுது சாய அவள் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து, தட்டின் முன் உட்காரவைத்து, கைகழுவ நீர் ஊற்றி, சோளக்களியும் பொடிமீன் குழம்பும் வைத்தாள். ஃபலேசி வாசலோடு நின்றுவிட்டாள்.

“படகு இன்னும் ஒழுகுதா?” என்று கேட்டான்.

“இல்ல. நல்லா அடைச்சாச்சு.” படகு மக்கி விறகாகிப் பல காலம் ஆகியிருந்தது. அந்தப் பொய்யைக் கடவுள் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்.

படத்துக்குப் பணம் போட்டது தலைவரின் குடும்பம். அன்று மாலையே எடுத்ததைப் போட்டுப் பார்த்த அவர் மகன் கோபப்படவில்லை. அப்பா யாரையுமே அடைச்சதில்லையே, அப்புறம் எப்படி விடுவார் என்று சாந்தமாகக் கேட்டு, சிறைக் காட்சியை அழிக்கச் சொன்னார். அழித்தார்கள். ஜைலோசி அப்போது இரண்டாவது கவளத்துக்காகக் களியில் விரலை அழுத்தியிருந்தான். விரல்குழி இருந்தது, அவன் இல்லை. ஊரில் வேறு வீடுகளிலும் அதே நேரத்தில் பேச்சு பாதியில் நின்றது. சோளமாவு கிடைக்காத வீடுகளில் அந்தக் குழிகூட மிஞ்சவில்லை.

ஃபலேசி உள்ளே வந்து தட்டின் எதிரே உட்கார்ந்தாள். “ரோடு போட்டவருதான் அண்ணி” என்றாள். “அண்ணன் பசியோட போயிருச்சே” என்றாள் அடுத்து. பிறகு எழுந்து, எனலேசியின் தலைக்குப் பின்னால் போய், முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். நரைத்த தலையைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

களியை அந்தத் துணியிலேயே சுற்றி, தேவாலயத்துக்குப் பின்னால் இடுகாட்டில் வைத்து மூடினார்கள். போதகர் என்னவென்று கேட்கவில்லை. ஜெபம் மட்டும் சொன்னார்.

படம் ஊர் மைதானத்தில் திரையிடப்பட்டது. சாலை வந்த காட்சியில் கைதட்டல் நிற்கவில்லை. சிறை எங்கும் இல்லை. ஒட்டுப்பலகையை மீன் உலர்த்தும் பரணுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். வைசன் அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் நடிக்கவில்லை என்கிறார்கள். இடுகாட்டில் அந்த இடம் மட்டும் இன்றுவரை ஆறவில்லை. கை வைத்தால் அப்போதுதான் இறக்கிய களியின் சூடு. குளிர்காலத்தில் ஊர் ஆடுகள் அங்கேதான் படுக்கின்றன. யாரும் விரட்டுவதில்லை.